ஏழு சகோதரிகளும் எரிந்த புல்வெளியும்: பூர்வகுடி ஓவியங்களில் அறிவியல்



கார்த்திகை விண்மீன் கூட்டத்தைச் சங்கப் புலவர்கள் ‘அறுமீன்’ என்றார்கள். வெறுங்கண்ணால் பார்த்தால் பெரும்பாலும் ஆறுதான் தெரியும். முருகனை வளர்த்த ஆறு பெண்களின் கதை நம்ம பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். அதே கூட்டத்தை ஆஸ்திரேலியப் பாலைவனத்துப் பூர்வகுடி மக்கள் ‘ஏழு சகோதரிகள்’ என்கிறார்கள்.

கதையே வழிகாட்டி

மாய சக்தி கொண்ட ஒருவன் ஏழு சகோதரிகளைத் துரத்துகிறான். அவர்கள் பாலைவனம் நெடுக ஓடி, கடைசியில் வானேறி விண்மீன்கள் ஆகிறார்கள். ‘கதைதானே’ன்னு விட்டுடாதீங்க. அவர்கள் தங்கிய இடங்களில் பல, நீர் ஊறும் இடங்கள். கதையைப் பாட்டாகவும் ஆட்டமாகவும் ஓவியமாகவும் நினைவில் வைத்திருப்பவர், தண்ணீர் எங்கே, உணவு எங்கே என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறார். பாட்டு மறந்தால் வழியும் மறந்துபோகும்.

இந்தக் கவலையோடுதான் பாலைவன மூத்தோர் கன்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகத்தின் உதவியை நாடினார்கள். 2017இல் அங்கே ஏழு சகோதரிகள் கண்காட்சி திறக்கப்பட்டது. பார்வையாளர்கள் குவிமாடத் திரையின் கீழே படுத்துக்கொண்டு, வாலிங்ங்கா குகையின் பாறை ஓவியங்களையும் கார்த்திகைக் கூட்டம் வானில் நகர்வதையும் பார்த்தார்கள். கருவி ஆய்வாளர்களுடையது, கதை மூத்தோருடையது. எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்பதில் சமூகத்தினருக்கே முக்கிய இடம் இருந்தது.

ஓர் ஓவியம், ஐந்து சொற்கள்

மார்டு இனப் பெண்கள் எட்டுப் பேர் 2013இல் ‘யார்க்கல்பா’ என்ற ஓவியத்தைச் சேர்ந்து வரைந்தார்கள். அகலம் 5 மீட்டர், உயரம் 3 மீட்டர். சும்மா பார்த்தால் வண்ணப் புள்ளிகள். தெரிந்தவர் கண்ணுக்கு அது அவர்கள் வேட்டையாடும் நிலம்.

மார்டு மக்கள் புல்லைச் சிறு சிறு பகுதிகளாக எரித்து உடும்பு வேட்டையாடுவார்கள். எரிந்த நிலம் மீண்டும் வளரும் ஐந்து நிலைகளுக்கும் அவர்கள் மொழியில் தனித்தனிப் பெயர் உண்டு. புதிதாக எரிந்தது ‘ன்யுர்ன்மா’. தளிர் விட்டது ‘வாரு வாரு’. சூழலியல் ஆய்வாளர்கள் அவர்களோடு பல ஆண்டுகள் தங்கி அளந்து பார்த்தார்கள். வேட்டை அதிகம் நடக்கும் இடத்தில்தான் மணல் உடும்புகளும் அதிகம்! காரணம் என்னன்னு கேட்டா, சிறு தீயால் இளம் புல்லும் முதிர்ந்த புல்லும் பக்கத்துப் பக்கத்தில் அமைகின்றன. மக்கள் வெளியேறிய இடங்களிலோ, மின்னலால் மூளும் தீ பெரும்பரப்பை ஒரேயடியாக விழுங்கியது.

சொல் போனால், அதற்குள் இருந்த அறிவும் போகும். தமிழ் கற்பிக்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வகுப்பறையில்

1. ஐந்திணை நடத்தும்போது இந்த ஐந்து நிலைகளையும் சொல்லுங்கள். நிலத்துக்கும் சொல்லுக்கும் உள்ள தொடர்பைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

2. தாத்தா பாட்டியிடம் மழை, மண், மரம் பற்றிய பழைய சொற்களைக் கேட்டு வரச் சொல்லுங்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களிடம் நிறைய கிடைக்கும். அந்தச் சொற்களை வைத்து அவர்கள் ஊரை வரையட்டும்.

3. கேரித் தீவு மா மெரி மக்களின் மரமுகமூடிகளை அறிமுகப்படுத்துங்கள். கோம்பாக் ஓராங் அஸ்லி அருங்காட்சியகத்துக்கும் அழைத்துப் போகலாம்.

ஒன்று மட்டும் மறக்காதீங்க. புள்ளி ஓவியத்தைப் ‘பார்த்து வரை’ என்று சொல்ல வேண்டாம். அந்தக் கதைக்கு உரியவர்கள் இருக்கிறார்கள். நம்ம பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கதையை வரையட்டும். அதையும் வீட்டாரிடம் கேட்டுவிட்டு வரையட்டும்.