அம்மாவின் கையில் இருக்கட்டும் அந்தக் கருவி



முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு சென்றபோது, ஒரு வீட்டில் 76 வயதுத் தாய் ஒருவரைக் கண்டேன். முந்தைய மாதம்வரை காலைத் திருப்பலிக்கு நடந்தே வந்தவர். "பிரஷர் 170 காட்டுச்சு சாமி. இனிமே வெளியே போகக்கூடாதுன்னு மகன் சொல்லிட்டான்" என்று கண்கலங்கினார்.

விசாரித்தேன். மாடிப்படி ஏறி வந்து, காப்பி குடித்த கையோடு, பேசிக்கொண்டே ஒரே ஒருமுறை பார்த்த அளவு அது!

வீட்டில் இரத்த அழுத்தம் பார்ப்பது நல்ல பழக்கம். மருத்துவமனைக்குப் போனாலே சிலருக்குப் பதற்றத்தில் அளவு கூடிவிடும். வீட்டு அளவே அவர்களின் உண்மை நிலையைக் காட்டும். ஆனால் முறையாகப் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரம் காப்பி, தேநீர் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகு சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, 5 நிமிடம் பேசாமல் அமர வேண்டும். கை, நெஞ்சு மட்டத்தில் மேசைமீது இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை பார்க்கவும். காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் என ஒரு வாரம் பார்த்து நோட்டில் எழுதுங்கள். வீட்டுச் சராசரி 135/85ஐ எட்டினால் அது உயர் அழுத்தம் என்பது பொதுவான கணக்கு. முதியவருக்கு எந்த அளவு ஏற்றது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். மாத்திரையை நாமாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது.

அழுத்தம் குறைவதும் ஆபத்தே. எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், தலைசுற்றி விழ நேரிடலாம். எனவே கட்டிலில் சற்று உட்கார்ந்த பிறகே எழ வேண்டும். முகம் கோணினாலோ, பேச்சு குளறினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ எந்த எண்ணுக்கும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கட்டுப்பாட்டை மீறிய அழுத்தம் பக்கவாதத்தில் தள்ளி, ஒருவரைப் பிறர் கையை நம்பி வாழச் செய்துவிடும். அதைத் தடுக்கவே இந்தக் கருவி. அதையே காரணமாக்கிப் பெற்றோரை வீட்டுக்குள் அடைப்பது எப்படித் தகும்?

அந்தத் தாய் கருவியைத் தாமே கையாளக் கற்றார். ஒரு வாரக் கணக்கைப் பார்த்த மருத்துவர், மாத்திரையை மாற்றவில்லை. நடக்கவும் தடை சொல்லவில்லை. முதல் சில நாள்கள் மகனே உடன் நடந்து வந்தார். இப்போது அவர் தனியாகவே வருகிறார். பெற்றோரை மதித்து நட என்னும் கட்டளையில், அவர்கள் தம் காலால் நடக்க வழிவிடுவதும் அடங்கும் அல்லவா?