வன்தட்டு பழுதானால்

பெட்டி உடைந்தால் வேறு பெட்டி வாங்கிக்கொள்ளலாம். பெட்டிக்குள் இருந்த ஓலைச்சுவடி அழிந்தால் அதை எங்கே சென்று வாங்குவது? மடிக்கணினியின் வன்தட்டைப் பற்றிப் பேச வந்த எனக்கு இக்கேள்வியே முன்னால் வந்து நிற்கிறது.

வன்தட்டு என்பது யாது? கணினியை நிறுத்திய பின்னும், அதில் எழுதியவற்றை அழியாமல் காக்கும் கருவி அது. 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் இதனை முதன்முதலாக வெளியிட்டபோது, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அதில் இருந்தன. பழைய மடிக்கணினிகளில் உள்ள வன்தட்டோ உள்ளங்கையில் அடங்குவது. அதனுள் காந்தப் பூச்சுள்ள தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்கிறது. படிக்கும் முனை அதனைத் தொடாமல், மயிரிழையினும் பன்மடங்கு சிறிய இடைவெளியில் மிதக்கிறது. அதிர்ச்சியினால் முனை தட்டில் உரசினால் பூச்சு கீறப்படும். அங்கே எழுதியிருந்ததும் போய்விடும்.

என் பழைய மடிக்கணினியில் ஒருநாள் ‘டிக், டிக்’ என்ற ஒலி எழுந்தது. முனை தன் இடம் காணாமல் மீண்டும் மீண்டும் தேடும்போது எழும் ஒலி அது. நானோ கணினியை நிறுத்துவதும் இயக்குவதுமாக இரண்டு நாட்களைக் கழித்தேன். பிறகுதான் வெளியே வேறொரு தட்டை இணைத்துக் கோப்புகளை வரிசையாகப் படியெடுக்கலானேன். வகுப்புக் குறிப்புகள் வந்து சேர்ந்தன. மறைந்த என் தாயார் பாடிய தாலாட்டுகள் வரிசையின் இறுதியில் இருந்தன. அவற்றின் முறை வருமுன் தட்டு நின்றுவிட்டது. தூசியற்ற அறையில் தட்டைப் பிரித்து மீட்கும் வல்லுநர்களிடம் அனுப்பினேன், அவர்களாலும் இயலவில்லை.

தட்டை மாற்றுவது கடினமன்று. மின்இணைப்பை நீக்கி, மின்கலத்தையும் கழற்றிவிட வேண்டும். உடலிலுள்ள நிலைமின்சாரம் நுண்ணிய உறுப்புகளைக் கெடுக்குமாதலால், முதலில் ஓர் உலோகப் பொருளைத் தொட்டுக்கொள்வது நலம். அடிமூடியின் திருகாணிகளைத் திருப்புளியால் கழற்றி, தட்டை இணைப்பிலிருந்து நேராக மெல்ல இழுத்தால் வந்துவிடும். புதியது வாங்குமுன் பழையதன் இணைப்பு வகையையும் தடிமனையும் பார்த்துக்கொள்ளுங்கள். 9.5 மில்லிமீட்டர் தடிமனும் உண்டு. 7 மில்லிமீட்டர் தடிமனும் உண்டு. புதியதைப் பொருத்திய பின், பென்டிரைவிலிருந்து இயங்குதளத்தை நிறுவ வேண்டும்.

நான் பொருத்தியது சுழலும் தட்டன்று. அசையும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. கணினி முன்னினும் விரைந்து இயங்குகிறது. ஆயினும் அதுவும் அழியாப் பொருளன்று. பழைய தட்டாவது ஒலியெழுப்பி எச்சரித்தது. இது எச்சரிக்கை ஏதுமின்றியே நின்றுவிடக் கூடும்.

ஆகவே நண்பர்களே, தட்டு நன்றாக இயங்கும்போதே படியெடுங்கள். ஒரு படியை வேறோர் இடத்தில் வையுங்கள். பழுது தோன்றிவிட்டால், திரும்பப் பெற இயலாததையே முதலில் படியெடுங்கள்.

அண்மையில் என் தமக்கையார், தாயாரின் தாலாட்டில் தமக்கு நினைவிருந்த சில அடிகளைப் பாடினார். அதைப் பதிவு செய்து, அன்றிரவே மூன்று இடங்களில் வைத்தேன். பாட்டு சிறிது மீண்டது, குரல் மீளவில்லை.