டிராக்டர் எண்ணெயில் நீர்க் கலப்பு

அகல் விளக்கின் எண்ணெயில் ஒரு துளி நீர் கலந்துவிடின் திரி சடசடவென்று ஒலித்துப் பொறி சிதறுவதை யாவரும் கண்டிருக்கிறோம். விளக்கிற்கு அதனால் வருங் கேடு சிறிது. திரியை மாற்றிப் புதிய எண்ணெய் வார்த்தால் அது முன்போல் எரியும். உழவு இயந்திரமாகிய டிராக்டரின் எண்ணெயில் அந்நீர் கலக்குமாயின், விளையுங் கேடு அத்துணை எளிதில் தீர்வதன்று. அது எவ்வாறு உண்டாகிறது, அதனை எவ்வாறு தடுக்கலாம் என்பவற்றை இங்கே சுருக்கமாக ஆராய்வோம்.

ஆரணி என்றதும் பட்டுச் சேலையே யாவர்க்கும் நினைவிற்கு வரும். ஆயினும், தறியொலி கேட்குந் தெருக்களைக் கடந்து சென்றால் நெல்வயல்களே கண்ணுக்கு விருந்தளிக்கின்றன. ஏரியையும் கிணற்றையும் நம்பிய அவ்வயல்களில் முன்னாளில் ஏர்மாடுகள் செய்த வேலையை இந்நாளில் பெரும்பாலும் டிராக்டர்களே செய்கின்றன. சொந்த டிராக்டர் இல்லாத சிறு குடியானவர், மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து உழுவிக்கின்றனர். சேறு பதமாயிருக்கும் நாட்கள் சிலவே. நாற்றும் வயதேறாமல் காத்திராது. அத்தகைய நாளில் ஒரு டிராக்டர் நின்றுவிடின், நஷ்டம் அதனை உடையவருக்கு மட்டுமன்று, தம் முறைக்காகக் காத்திருக்கும் பல குடும்பங்களுக்குமாம். ஆதலின் வீட்டிலோ களத்திலோ பீப்பாயில் சேமித்துவைக்கும் டீசலைத் தூயதாகக் காப்பது வேளாண்மையின் ஓர் அங்கமாகிவிட்டது.

நீர் புகும் வழிகள்

காற்றிலுள்ள ஈரத்தின் இயல்பைப் பட்டு நெசவாளர் நன்கறிவர். கச்சாப்பட்டு அவ்வீரத்தை உறிஞ்சி எடை கூடுமாதலின், உலர்ந்த பட்டின் எடையோடு நூற்றுக்கு 11 பங்கு ஈரஞ் சேர்த்து மதிப்பிடுவது உலக வாணிப வழக்கம். டீசலும் காற்றின் ஈரத்தை ஏற்கும். ஆனால் மிகச் சிறிய அளவிலேயே ஏற்கும். நம் நாட்டு விதிப்படி ஒரு கிலோ டீசலில் நீர் 200 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. 200 லிட்டர் பீப்பாய் ஒன்றிற்கு இது ஏறக்குறைய 33 கிராம். அதாவது இரண்டு பெரிய கரண்டியளவே. டீசல் வெம்மையாயிருக்கும்போது அதிற் கரைந்து நிற்கும் நீர், அது குளிர்ந்தவுடன் பிரிந்து பனிமூட்டம் போல் கலங்கித் தோன்றும்.

இதனினும் பெரிய வாயில் பீப்பாயின் மூச்சேயாகும். பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்றும் எண்ணெயும் விரிந்து, மூடியின் இடுக்கு வழியே காற்று வெளியேறுகிறது. இரவில் அவை சுருங்க, வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அக்காற்றின் ஈரம் குளிர்ந்த தகட்டின் உட்புறத்தில் வியர்வைபோல் அரும்பி வழிந்து அடியில் தங்குகிறது. பாதி வெறுமையான பீப்பாயில் காற்றிடம் மிகுதியாதலின் இக்கேடும் மிகுதி. பீப்பாயை நிமிர்த்தித் திறந்தவெளியில் வைத்தாலோ, மேல்விளிம்பிற்குள் மழைநீர் தேங்கி மூடியைச் சூழ்ந்து நிற்கும். அன்றிரவு பீப்பாய் இழுக்கும் மூச்சோடு அந்நீரும் உள்ளே செல்லும். மூடியை இறுக்கித் திருகியிருக்கிறோம் என்னும் நம்பிக்கை இங்கே முழுப் பயன் தருவதில்லை.

நீரால் விளையும் தீங்கு

டீசலை அளந்து அனுப்பும் பம்பும், அதனைப் புகைபோல் தெளிக்கும் நாசிலும் மிக நுண்ணிய வேலைப்பாடுடையவை. அவற்றின் நகரும் உறுப்புகளுக்கு இடையேயுள்ள இடைவெளி, பட்டுப்புழு நூற்கும் தனியிழையின் பருமனிலும் குறைவானது. அவ்வுறுப்புகளுக்கு உராய்வு நேராமற் காப்பது டீசலின் வழவழப்பே. நீருக்கு அவ்வியல்பு இல்லை. நீர் புகுந்த இடத்தில் தேய்மானமும் துருவும் உண்டாகும். வெப்பம் மிகுந்த நாசில் முனையை அடையும் நீர் திடீரென ஆவியாகி அம்முனையையே சிதைத்தலும் உண்டு. புதுவகை இயந்திரங்களில் டீசல் 1000 வளிமண்டல அழுத்தத்திற்கும் மேற்பட்ட விசையோடு செலுத்தப்படுவதால் இத்தீங்கு பன்மடங்காகிறது.

மற்றொரு தீங்கும் உண்டு. டீசலும் நீரும் சந்திக்கும் பரப்பில் நுண்கிருமிகளும் பூஞ்சைகளும் தழைக்கின்றன. அவற்றுள் ஒன்று மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்றே பெயர் பெற்றது. நீரில் வாழ்ந்து எண்ணெயை உண்ணும் இவ்வுயிர்கள், வழுவழுப்பான கரும்படலத்தை உண்டாக்கி வடிகட்டியை அடைக்கும். அமிலத்தைச் சுரந்து தகட்டையும் அரிக்கும். நீர் இல்லையேல் இவை வளர வழியில்லை.

நீர்க் கலப்பு பெரியோர் சிறியோர் என்று பார்ப்பதில்லை. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்தியப் பிரதேசத்து ரத்லாமில், அம்மாநில முதலமைச்சரின் பரிவாரத்திற்காக வந்த 19 வாகனங்கள், டீசல் நிரப்பிக்கொண்ட சிறிது நேரத்தில் நின்றுபோயின. தொட்டிகளைத் திறந்து வடித்தபோது டீசலோடு நீரும் வெளிப்பட்டது. மழைநீர் நிலத்தடித் தொட்டியிற் கசிந்ததே காரணம் என்று கூறப்பட்டது. 2008 ஜனவரி 17ஆம் நாள் பெய்ஜிங்கிலிருந்து லண்டன் வந்த போயிங் 777 விமானமொன்றில், எரியெண்ணெயில் இயல்பாக இருந்த சிறிதளவு நீரே பனிக்கட்டியாய் உறைந்து எண்ணெயின் வழியை அடைத்தது. விமானம் ஓடுபாதையை எட்டுமுன்னரே தரையில் விழுந்தது. அதிலிருந்த 152 பேரும் உயிர் தப்பினர்.

கண்டறியும் முறை

ஒரு லிட்டர் நீரின் எடை ஏறக்குறைய 1000 கிராம்; ஒரு லிட்டர் டீசலின் எடை ஏறக்குறைய 830 கிராம். ஆகவே நீர் எப்போதும் அடியிலேயே தங்கும். மேலே மொண்டு பார்த்து, எண்ணெய் நன்று என்று முடிவு செய்வது தவறு. நீண்ட கண்ணாடிக் குழாயொன்றின் மேல்வாயைக் கட்டைவிரலால் மூடிப் பீப்பாயின் அடிவரை இறக்கி, விரலை எடுத்து, அடியிலுள்ளதை ஏறவிட்டு, மீண்டும் மூடி வெளியே எடுக்க வேண்டும். அதனைத் தெளிவான சீசாவில் விட்டு அசையாமல் வைத்தால், நீர் இருப்பின் அடியில் தனியே பிரிந்து நிற்கும். நீரைத் தொட்டவுடன் நிறம் மாறும் பசையொன்றும் கடைகளிற் கிடைக்கிறது. அளவுக்கோலின் நுனியில் அதனைப் பூசி இறக்கினால், எத்தனை விரற்கடை நீர் உள்ளதென்பது உடனே புலப்படும்.

விலக்கும் முறை

முதல் மருந்து பொறுமையே. வண்டியில் உருண்டு வந்த பீப்பாயில் நீர் சிறு துளிகளாகச் சிதறியிருக்கும். துளியின் பருமன் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், அது கீழே இறங்கும் வேகம் நூற்றில் ஒரு பங்காகக் குறையும். 0.1 மில்லிமீட்டர் துளி பீப்பாயின் முழு உயரத்தையும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கடந்து அடியை அடையும், 0.01 மில்லிமீட்டர் துளிக்கோ மூன்று நாளுக்கு மேலாகும். ஆகவே உழவு தொடங்கும் நாளன்று வாங்கிவந்து உடனே ஊற்றாமல், சில நாள் முன்னதாகவே வாங்கிவைப்பது நலம்.

பீப்பாயை நிழலில், கூரையின் கீழ், மரச்சட்டத்தின்மேல் படுக்கவைத்து, குழாய் உள்ள பக்கத்தைச் சிறிது உயர்த்தி வைக்க வேண்டும். அவ்வாறாயின் நீரும் கசடும் எதிர்ப்பக்கத்தில் ஒதுங்கும்; குழாயில் தெளிந்த எண்ணெயே வரும். ஒதுங்கிய கசட்டை அவ்வப்போது வடித்துவிடுதல் அவசியம். துத்தநாகம் பூசிய வாளிகளையும் பீப்பாய்களையும் தவிர்த்தல் வேண்டும். துத்தநாகம் டீசலோடு வினைப்பட்டு வடிகட்டியை அடைக்கும். ஸ்பிரிட் முதலியவற்றைக் கலந்து நீரைப் போக்க முயல்வது, எளிதில் தீப்பற்றச் செய்யும் அபாயமாகும்.

டிராக்டரின் தொட்டியை மாலையில் வேலை முடிந்தவுடனே நிரப்பிவிட்டால், இரவில் வியர்த்தற்குரிய காற்றிடம் குறையும். காலையில் இயக்குமுன், நீர் பிரிக்கும் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்திச் சிறிது வடித்துப் பார்ப்பது நாள்தோறும் செய்யத்தக்கது. நீர் ஏற்கெனவே புகுந்து இயந்திரம் திணறினால், மேலும் மேலும் இயக்கிப் பார்த்தல் கூடாது. தொட்டியை முழுவதும் வடித்து, வடிகட்டியை மாற்றி, குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்றிய பின்னரே இயக்க வேண்டும்.

வடித்த நீரை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டுதல் பெருந்தீங்கு. அதில் எண்ணெய் கலந்திருக்கும். அக்கிணற்று நீரையே நாளை நாம் பருக நேரும். அதனைத் தனிக் கலத்திற் சேர்த்து, கழிவெண்ணெய் வாங்கும் உரிமை பெற்றோரிடம் ஒப்படைத்தலே முறை.

மேற்கூறியவற்றுள் பெரும்பொருட் செலவு வேண்டுவது ஒன்றுமில்லை. ஒரு மரச்சட்டமும், ஒரு கண்ணாடிக் குழாயும், காலையில் ஐந்து நிமிஷமும் போதும். விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவர், தம் வீட்டுப் பீப்பாயின் அடியை ஒருமுறை சோதித்துப் பார்ப்பாராக. பௌதிக வகுப்பிற் கற்ற அடர்த்தியும் வெப்ப விரிவும் ஒரு குடியானவரின் நடவுநாளைக் காக்குமாயின், அக்கல்வி பயன்பட்டதாகும்.