ஜெராய் மலையை யார் வரைவது?

எட்டு வயதுப் பிள்ளையிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, “ஒரு கிராமம் வரை” என்று சொல்லிப் பாருங்கள். என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு முக்கோண மலை. நடுவில் பாதிச் சூரியன். அங்கிருந்து வளைந்து இறங்கும் ஆறு. ஓரத்தில் ஒரு தென்னை, ஒரு குடிசை, மேலே நாலைந்து பறவைகள். நாமும் அதைத்தான் வரைந்தோம். அண்ணனைப் பார்த்துத் தம்பியும், கரும்பலகையைப் பார்த்து வகுப்பும் வரைந்து வரைந்து, அந்தப் படம் தலைமுறை தாண்டி வந்துவிட்டது.

மெர்போக்கில் அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறுத்தியது. 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கண் எதிரே நிற்கிறது. அகன்ற உடல், மேடும் தாழ்வுமான முதுகு, காலையில் தலையை மறைக்கும் மேகம். மழைக்கு முன் ஒரு நிறம், மழைக்குப் பின் வேறு நிறம். இப்படி ஒரு மலையடியில் வளரும் பிள்ளை, எங்குமே இல்லாத இரண்டு முக்கோணத்தை ஏன் வரைகிறது?

கெடாவில் ஒரு தமிழ்ப்பள்ளியின் ஓவியப் போட்டிக்கு நடுவர்களில் ஒருவராக என்னை அழைத்திருந்தார்கள். வானொலி அறிவிப்பாளருக்கும் ஓவியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். குரல் தெரிந்தவர் வந்தால் பிள்ளைகளுக்கு உற்சாகம் என்றார்கள். முக்கோண மலைகளுக்கு நடுவே ஒரு படம் மட்டும் தனியாகத் தெரிந்தது. இரண்டாம் ஆண்டுப் பையன் பள்ளி வேன் வரைந்திருந்தான். வேனின் தகரத்தையும் தாண்டி உள்ளே இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் தெரிந்தார்கள். சாலையோரத்தில் ஒரு பாட்டி, கித்தா மரத்தைவிட உயரமாக நின்றிருந்தார்.

“பாட்டி ஏன்பா மரத்தைவிடப் பெரிசா இருக்காங்க?”

“அவங்கதானே அக்கா என்னைத் தினமும் வேன்ல ஏத்தி விடுவாங்க.”

அளவு சரியில்லை, வர்ணம் கோட்டைத் தாண்டிவிட்டது என்று மற்றவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். முதல் பரிசு இரண்டு மலைக்கும் சூரியனுக்கும் போனது.

அந்தப் பையன் தவறாக வரையவில்லை. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கலைக் கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட், 1947-இல் வெளியிட்ட நூலில் குழந்தை ஓவியத்தின் வளர்ச்சிப் படிகளை விளக்கினார். ஏழு முதல் ஒன்பது வயது வரையிலான பிள்ளை, கண்ணில் பட்டதை மட்டும் வரைவதில்லை; தனக்குத் தெரிந்ததையும் சேர்த்து வரையும். வேனுக்குள் நண்பர்கள் இருப்பது அதற்குத் தெரியும், அதனால் வரைகிறது. மனத்துக்கு முக்கியமானவர் தாளிலும் பெரிதாவார். வண்ணம் தீட்டும் புத்தகங்களை லோவன்ஃபெல்ட் கடுமையாக எதிர்த்ததற்கும் இதுதான் காரணம். இன்னொருவர் போட்ட கோட்டுக்குள் நிறம் நிரப்பிப் பழகிய பிள்ளை, தன் கோட்டை நம்பாது.

ஒன்பது, பத்து வயதில் ஒரு திருப்பம் வருகிறது. பிள்ளை தன் படத்தை நிஜத்தோடும் பக்கத்து மேசைப் படத்தோடும் ஒப்பிடத் தொடங்குகிறது. “எனக்கு வரைய வராது டீச்சர்” என்ற குரல் மூன்றாம், நான்காம் ஆண்டில் கேட்பது இதனால்தான். அந்த நேரத்தில் கைவிட்ட பலர் பிறகு பென்சிலைத் தொடுவதே இல்லை. பெரியவர்களாகிய நம்மிடம் ஒரு மனிதரை வரையச் சொன்னால், பத்து வயதில் நிறுத்திய இடத்திலிருந்துதானே தொடங்குகிறோம்?

நம் தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தில் குறையில்லை. காட்சிக் கலைக் கல்வியில் படம் வரைதல், தோரணி உருவாக்குதல், உருவம் செய்து கட்டமைத்தல், பாரம்பரியக் கைவினையை அறிதல் என நான்கு துறைகள் உண்டு. ஆனால் யூ.பி.எஸ்.ஆர் இருந்த காலத்தில் அந்தத் தேர்வில் ஓவியத்துக்கு இடமில்லை. அதனால் வந்த பழக்கம் தேர்வு போன பிறகும் முழுதாகப் போகவில்லை. கணிதம் முடியவில்லையா, ஓவிய நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். நேரம் கிடைத்தாலும், அச்சிட்ட பூ ஒன்று, ஆளுக்கு ஒரு தாள், வர்ணம் தீட்டு. பல பாடங்களைத் தலையில் சுமக்கும் ஆசிரியரை இதற்காகக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நல்ல ஓவிய வகுப்புக்குப் பெரிய செலவு தேவையில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

மெர்போக்கைச் சுற்றிப் பாருங்கள். ஒரு காம்பில் மூன்று இலையாக நிற்கும் கித்தா இலைமேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால், நரம்பு நரம்பாகத் தோரணி கிடைக்கிறது. கித்தாக் கொட்டையின் புள்ளிகளோ ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை. வாசலில் பாட்டி போடும் கோலம் இருக்கிறது. வாவ் பட்டமும் பாத்தேக்கும் அடுத்த வீட்டுக் கலைகள். பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இதே மெர்போக்கில்தான் உள்ளது. அங்கே சண்டி புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கருங்கல் அடித்தளமும், மரத்தூண்களைத் தாங்கிய கல் பீடங்களும் வெயிலில் கிடக்கின்றன. கடாரம் என்று பாடத்தில் படிப்பதைவிட, அந்தக் கல் ஒன்றின் முன் அரைமணி நேரம் உட்கார்ந்து வரைந்த பிள்ளைக்கு அது மறக்காது.

ஓவிய ஆசிரியரின் முதல் கருவி கேள்விதான் என்று நினைக்கிறேன். வானொலியில் பிள்ளைகளோடு பேசும்போது, “சன்னலுக்கு வெளியே என்னடா தெரியுது?” என்பேன். “ஒன்னும் இல்லக்கா” என்றுதான் முதலில் வரும். வலது பக்கம்? அதற்குப் பின்னால்? என்ன நிறம்? இரண்டே நிமிடத்தில் கொடியில் காயும் சீருடை, மாமாவின் மோட்டார், சுவர்மேல் பூனை எல்லாம் வந்துவிடும். எல்லாம் முன்பே அங்கே இருந்தவைதான். தாளில் வரைவதும் இப்படித்தான் தொடங்குகிறது.

பெற்றோருக்கும் இதில் வேலை உண்டு. பிள்ளை படத்தைக் காட்டினால் “அழகா இருக்கு” என்று முடித்துவிடாமல், “இதைப் பத்திச் சொல்லு” என்று கேளுங்கள். பென்சிலை வாங்கித் திருத்தாதீர்கள். சொன்ன கதையைத் தாளின் பின்பக்கம் எழுதி, தேதி போட்டு, ஒரு கோப்பில் வையுங்கள். “படம் வரைஞ்சா சோறு போடுமா?” என்று கேட்போரிடம் ஒன்று சொல்லலாம். கித்தா இருந்த இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம் வருகிறது. லயத்து வீடும், மங்கும், பால் வாளியும், வேன் ஏற்றிவிடும் பாட்டியும் நாளைக்கு எங்கே இருப்பார்கள்? அவர்களை அறிந்த பிள்ளை வரைந்தால்தான் உண்டு.

இந்தச் சனிக்கிழமை தொலைபேசியை வீட்டில் விட்டுவிட்டு, ஜெராய் தெரியும் இடமாகப் பார்த்துப் பிள்ளையோடு உட்காருங்கள். ஆளுக்கு ஒரு தாள், ஒரு பென்சில் போதும். மலைக்கு எத்தனை மேடு, மேகம் எங்கே தொடங்குகிறது என்று பிள்ளையே பார்த்துச் சொல்லட்டும். நீங்களும் வரையுங்கள்.