மலைப்பாதையும் காரின் குளிரூட்டியும்: மின்பழுதைக் கண்டறியும் முறை

ஊவாவின் மலைகளில் இயற்கையே குளிரூட்டும்போது காருக்குள் வேறொரு குளிரூட்டி எதற்கு என்று வினவுவோர் உளர். பதுளை நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. பண்டாரவளை 1,230 மீற்றர். அப்புத்தளை 1,430 மீற்றர். ஆயினும், மார்கழி மாதத்து வடகீழ்ப் பருவமழையில் அப்புத்தளையிலிருந்து பெரகல நோக்கிக் காரோட்டிச் சென்றவர் இவ்வினாவை எழுப்பமாட்டார். வெளியே மூடுபனி, உள்ளே நால்வரின் மூச்சுக்காற்று, முன்கண்ணாடியின் உட்புறத்தில் வெண்படலம், ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம். அந்நேரத்தில் ஓட்டுபவரின் கண்பார்வையைக் காப்பது அக்குளிரூட்டியே.

காரணம் எளிது. ஈரம் மிக்க காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொடும்போது பனிபடுநிலைக்குக் கீழே குளிர்ந்து, நுண்ணிய நீர்த்துளிகளாகப் படிகின்றது. குளிரூட்டியின் உட்சுருள், தன்மேற் செல்லும் காற்றின் ஈரத்தை நீராக்கி வெளியேற்றுகின்றது. அவ்வாறு உலர்ந்த காற்றைச் சிறிது சூடாக்கிக் கண்ணாடிமீது செலுத்தினால் படலம் மறைந்துவிடும். இதனாலேயே பல கார்களிற் கண்ணாடியைத் தெளிவிக்கும் பொத்தானை அழுத்தியதும் கொம்பிறசரும் தானாக இயங்கத் தொடங்குகின்றது. தோட்டத்து லயத்திலிருந்து நோயாளி ஒருவரை நள்ளிரவிற் பதுளை வைத்தியசாலைக்கு ஏற்றிவரும் வானுக்கு இஃது எத்துணை இன்றியமையாதது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் இருந்த கார்களையே பேணி ஓட்ட நேர்ந்தமையால், முதுமையடைந்த வாகனங்கள் நம் வீதிகளில் மிகுதி. அவற்றின் குளிரூட்டி நின்றால், உடனே கொம்பிறசரை மாற்றுவோமென்று முனைவது பெருஞ்செலவில் முடியும். பழுதோ பலமுறை சில சதங்கள் பெறுமதியுள்ள ஒரு செம்புத் தொடுப்பில் ஒளிந்திருக்கும்.

ஆதலால் முதலில் மின்சாரம் செல்லும் வழியை மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். பற்றரியிலிருந்து உருகி வழியாக றிலேக்கும், றிலேயிலிருந்து கொம்பிறசரின் முகப்பிலுள்ள காந்தக் கிளச்சின் சுருளுக்கும், அங்கிருந்து காரின் இரும்புடல் வழியாகப் பற்றரியின் மறுமுனைக்கும் மின்னோட்டம் செல்லுகின்றது. றிலேயை மூடும் கட்டளையைத் தருவது சிறு கணினி. வாயுவின் அழுத்தம் போதுமா, உட்சுருள் உறைந்துவிடாதிருக்கின்றதா, எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடேறவில்லையா என்பவற்றை உணரிகள் வாயிலாக அறிந்த பின்னரே அது கட்டளையிடும்.

இதனால் ஓர் உண்மை புலப்படும். கொம்பிறசர் நிற்பதெல்லாம் பழுதாகாது. ஏறத்தாழ 200 மீற்றர் உயரத்திலுள்ள வெல்லவாயவிலிருந்து தியலும நீர்வீழ்ச்சியையும் கொஸ்லந்தையையும் கடந்து மலையேறும்போது, எஞ்சின் மிகச் சூடேறினாலோ வேகமிதியை முழுவதும் அழுத்தினாலோ பல கார்களிற் கணினியே கொம்பிறசரைச் சிறிதுநேரம் நிறுத்திவைக்கும். அவ்விடத்தில் ஆராய வேண்டியது எஞ்சினின் நீர்க்குளிர்விப்பையேயாம். வாயு கசிந்து குறைந்தாலும் அழுத்த ஆளி சுற்றைத் திறந்துவிடும். அவ்வாளியைக் கம்பித்துண்டால் இணைத்துக் கொம்பிறசரை ஓட்டுதல் தகாது. உராய்வைத் தடுக்கும் எண்ணெய் வாயுவுடன் கலந்தே சுற்றிவருவதால், வாயுவின்றி ஓடும் கொம்பிறசர் விரைவில் தேய்ந்து இறுகிவிடும்.

இனி ஆராயும் ஒழுங்கைக் கூறுவோம். கண்ணும் செவியும் முதற் கருவிகள். விசிறி வீசுகின்றதா? பொத்தானை அழுத்தியதும் கிளச் ‘டக்’ என்று ஒட்டும் ஓசை கேட்கின்றதா? கம்பிகளை எலி கடித்திருக்கின்றதா? அடுத்து உருகி. எரிந்த உருகிக்குப் பதிலாகத் தடித்த கம்பியையோ ஈயத்தாளையோ வைப்பவர் தீயை வரவழைப்பவராவர். அதன்பின் றிலே. அதே வகையான வேறொரு றிலே காரில் இருப்பின், அதனை இடம்மாற்றி வைத்துப் பார்த்தலே எளிய சோதனை.

இவை மூன்றும் நன்றாயின் மீற்றரைக் கையில் எடுக்கலாம். இங்கேதான் பலர் தவறுகின்றனர். கிளச்சின் இணைப்பைக் கழற்றி, வெறுங் கம்பியில் மீற்றரை வைத்து, பன்னிரண்டு வோல்ற் முழுமையாக வருகின்றது, ஆகவே கம்பி நன்று, கிளச்சே பழுது என்று முடிவு செய்கின்றனர். ஓட்டம் இல்லாதபோது களிம்பேறிய தொடுப்பும் முழு வோல்ற்றையே காட்டும். ஓட்டம் பாயும்போதே அதன் குற்றம் வெளிப்படும். எனவே இணைப்பைக் கழற்றாது, கிளச் இயங்கும்போதே தொடுப்பின் இருபுறமும் அளத்தல் வேண்டும். 0.2 வோல்ற்றுக்கு மேல் வீழ்ச்சி காணின் அத்தொடுப்பை ஐயுறலாம். இரும்புடலோடு சேரும் முனையையும் இவ்வாறே அளக்க வேண்டும். மழைநாட்டில் முதலிற் கெடுவது பெரும்பாலும் அதுவே.

காலையில் இயங்கி, மலையேறியபின் நின்றுவிடும் குளிரூட்டிகளின் மருமத்தை ஓமின் விதி கொண்டே விளக்கலாம். சுருளின் தடை 20 பாகை செல்சியசில் 3.6 ஓம் எனக் கொள்வோம். 12 வோல்ற்றில் 3.3 அம்பியர் ஓடும். எஞ்சினின் வெக்கையிற் சுருள் 100 பாகைக்குச் சூடேறினால், செம்பின் தடை ஏறத்தாழ 31 வீதம் கூடி 4.7 ஓம் ஆகும். ஓட்டம் 2.6 அம்பியருக்குக் குறையும். களிம்பேறிய தொடுப்பொன்று மேலும் அரை ஓமைச் சேர்த்தால் 2.3 அம்பியரே மிஞ்சும். காந்தத்தின் இழுவை ஓட்டத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், முதலில் இருந்த இழுவையிற் பாதிக்கும் குறைவே எஞ்சுகின்றது. கிளச்சின் தகடு தேய்ந்து இடைவெளி அகன்றிருப்பின் அது ஒட்டாது வழுக்கும். கார் ஆறியதும் மீண்டும் இயங்கும். ஆதலால் இத்தகைய பழுதைக் கார் சூடாக இருக்கும்போதே சோதித்தல் வேண்டும். செம்பிற் களிம்பை ஆணவ மலத்துக்கு உவமையாகக் கூறும் சைவ சித்தாந்தம் பயின்ற நமக்கு, உடன்பிறந்து மறைந்திருந்து தொழிலைத் தடுக்கும் அதன் இயல்பு புதிதன்று.

விசிறியின் பழுதுக்கும் இதே நெறிதான். பழைய முறைக் கார்களில் விசிறி உச்ச வேகத்தில் மட்டும் சுழன்று ஏனைய வேகங்களிற் சுழலாதாயின், வேகத்தைக் குறைக்கும் தடைச்சுருள் எரிந்திருத்தல் கூடும். விசிறி மோட்டார் குற்றமற்றது. தானியங்கிக் குளிரூட்டிகளிலோ உணரிகளையும் ஆராய வேண்டும். உட்சுருளின் வெப்பவுணரி குளிரக் குளிரத் தடை கூடும் இயல்புடையது. அதன் கம்பி அறுந்தால், கடுங்குளிர் வந்துவிட்டது எனக் கணினி மயங்கிக் கொம்பிறசரை நிறுத்தும். டொயோட்டாக் கார்கள் பலவற்றில் ‘ஓட்டோ’ பொத்தானையும் உட்காற்றுப் பொத்தானையும் ஒருங்கே அழுத்தியவாறு சாவியைத் திருப்பினால், கணினியே பழுதின் எண்ணைக் காட்டும். 13 என்பது உட்சுருள் உணரியையும், 21 என்பது வெயிலுணரியையும் குறிக்கும். ஆனால் வெளிச்சம் குறைந்த இடத்திற் பழுதில்லாதபோதும் 21 தோன்றும். மூடுபனியிலோ கராச்சின் நிழலிலோ சோதித்துவிட்டு நல்ல உணரியை வீசிவிடலாகாது.

ஓர் எச்சரிக்கை. பிரியஸ், அக்குவா போன்ற கலப்பின வாகனங்களிற் கொம்பிறசரைச் சுழற்றுவது பெரிய பற்றரியின் உயரழுத்த மின்சாரம். அதன் கம்பிகள் செம்மஞ்சள் நிறமுடையவை. அவற்றைத் தொடுதல் உயிருக்கு ஆபத்து. அதற்கெனப் பயின்றவரிடமே விடுதல் வேண்டும். அக்கொம்பிறசருக்குரிய எண்ணெயும் தனிவகை. பிற எண்ணெய் கலந்தால் மின்காப்புக் கெடும்.

கல்லூரி ஆய்வுகூடத்தில் ஒரு பற்றரியையும் ஒரு தடைச்சுருளையும் வைத்து நாம் கற்ற விதி, அப்புத்தளை வளைவொன்றில் நான்கு உயிர்களைக் காக்க வல்லது. இன்று அவ்வாய்வுகூடத்தில் இருக்கும் மாணவர் அளவிடும் பழக்கத்தை அங்கேயே கைக்கொள்வாராக. கார் உடையோர் ஐப்பசி பிறக்குமுன் ஒருமுறை கண்ணாடி தெளிவிக்கும் பொத்தானை அழுத்தி, கிளச்சின் ஓசைக்குச் செவிசாய்ப்பாராக. மழை தொடங்கியபின் மலைச்சரிவிற் செய்யத்தக்க சோதனையன்று அது.