நான்கு தலைமுறை கண்ட அடுப்பு



எங்கள் தம்பலகாமம் புகையிரத நிலையத்தை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். கந்தளாய்க்கும் சீனக்குடாவுக்கும் இடையே, வயல்வெளியின் நடுவே இருக்கும் சின்ன நிலையம். திருகோணமலைக்கு ரயில் பாதை வந்தது 1927-ல். ரயில் நிற்கும் இடத்தில் சாப்பாட்டுக் கடை முளைப்பது உலக வழக்கம். முளைத்த கடை சில வருடங்களில் மூடப்படுவதும் வழக்கம்தான். வாப்பா தொடங்கிய கடையை மகன் நடத்துவதே அரிது. பேரன் நடத்தினால் அதிசயம்!

அப்படியொரு அதிசயத்தைத்தான் இந்த மாதம் சொல்லப் போகிறேன். கடல் தாண்டி, தமிழ்நாட்டில் ஆம்பூர் என்றோர் ஊர். சென்னையிலிருந்து பெங்களூர் போகும் பாதையில், காட்பாடிக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவே, பாலாற்றின் அருகே இருக்கிறது. அதற்குச் சில மைல் தொலைவில் உமராபாத். 1924-ல் காக்கா முஹம்மது உமர் அவர்கள் நிறுவிய ஜாமிஆ தாருஸ்ஸலாம் அங்கேதான் உள்ளது. நான் ஓதியதும் அங்கேதான். வெள்ளிக்கிழமை விடுமுறையில் ஆம்பூருக்கு வந்து, மூன்று நண்பர்கள் காசு சேர்த்து ஒரு புரியாணி வாங்கி, நம் ஊர் சஹன் போலச் சுற்றியிருந்து சாப்பிடுவோம். அந்த ருசியின் பின்னால் ஒரு குடும்ப வரலாறு இருப்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஆம்பூருக்குச் சரித்திரத்தில் ஓர் இடமுண்டு. 1749-ல் நடந்த ஆம்பூர்ப் போரில்தான் ஆற்காடு நவாப் அன்வருத்தீன் கான் கொல்லப்பட்டார். 1801-ல் நவாபின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. ஆட்சி போனது; நவாப்களின் அடுப்பு மட்டும் அணையவில்லை. அரண்மனையிலும் படை முகாமிலும் பெரிய தேக்‌ஷாக்களில் வெந்த புரியாணி, மெல்ல மெல்லச் சாதாரண மனிதர்களின் தட்டுக்கு வந்தது.

அதைக் கொண்டுவந்தவற்றில் ரயிலுக்கும் பங்குண்டு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. பாதை மேற்கே நீண்டு ஆம்பூரைக் கடந்தது. 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளைப் பாதை வந்தது. தோல் பதனிடும் தொழிலும் வளர, வியாபாரிகளும் தொழிலாளர்களும் வந்து போகும் ஊராயிற்று ஆம்பூர். வந்தவர்களுக்குப் பசிக்குமல்லவா?

1890-ல் ஹசீன் பேக் என்பவர் அங்கே புரியாணி விற்கத் தொடங்கினார் என்பது குடும்பத்தார் சொல்லும் வரலாறு. அவருக்குப் பின் மகன் குர்ஷித் பேக், தம் பெயரால் ஓட்டல் திறந்தார். (ஓட்டல் என்றால் தங்கும் விடுதி அல்ல, சாப்பாட்டுக் கடைதான்.) அடுத்த தலைமுறைகளின் கையில் அது 'ஸ்டார்' என்ற பெயரோடு வளர்ந்தது. இன்று நான்காம் தலைமுறை நடத்துகிறது. சென்னை, பெங்களூர் வரை கிளைகள் போய்விட்டன.

இத்தனைக்கும் அந்தப் புரியாணியில் பெரிய மாயம் எதுவும் இல்லை, சகோதரிகளே. அரிசி, சீரகச் சம்பா. காய்ந்த மிளகாயை ஊற வைத்து அரைத்த விழுது. இஞ்சி, பூண்டு, வெங்காயம், தக்காளி, தயிர். கறுவா, கிராம்பு, ஏலம் அளவோடுதான். இறைச்சியைத் தனியே வேக வைத்து, பாதி வெந்த அரிசியை வடித்து அதில் சேர்த்து, மூடியின் மேல் தணல் போட்டு தம் பிடிக்க விடுவார்கள். கூடவே புளிப்பான கத்தரிக்காய்க் கறியும் வெங்காயத் தயிரும். இறைச்சியும் அரிசியும் சம எடை. இதுவே அவ்வூரின் பழைய சமையற்காரர் பலரும் கைக்கொள்ளும் கணக்கு.

இந்தக் கணக்கில்தான் விஷயம் இருக்கிறது. அரிசி மலிவு, இறைச்சி விலை அதிகம். தேக்‌ஷாவுக்குள் இறைச்சியைக் கொஞ்சம் குறைத்தால் யாருக்குத் தெரியும்? பயணி ஒரு தடவை சாப்பிட்டுவிட்டுப் போகிறவன். அவன் திரும்பி வந்து சண்டை பிடிக்கப் போவதில்லை. அடுப்படியில் நிற்பவருக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டுமே தெரிந்த அளவு அது. அளவில் குறைப்பவர்களைக் கண்டிப்பதற்கென்றே முதஃப்பிஃபீன் என்றொரு சூரா இறங்கியிருப்பது ஏன் என்பது எனக்குக் கிதாபைவிடச் சாப்பாட்டுக் கடையில்தான் நன்றாக விளங்கியது.

எப்படி என்கிறீர்களா? பல வருடங்களுக்குப் பின் அந்தப் பக்கம் பயணம் போனபோது, நெடுஞ்சாலை ஓரமெல்லாம் ஆம்பூர்ப் பெயர் தாங்கிய பலகைகள். ஆசையோடு ஒரு கடையில் இறங்கினேன். தட்டில் சோறு குவிந்திருந்தது. தோண்டிப் பார்த்தால் இரண்டு எலும்பு! பலகையில் இருந்த பெயர் பெரிது, தேக்‌ஷாவுக்குள் இருந்த அளவு சிறிது. பெயரை யாரும் பலகையில் எழுதிவிடலாம். கையளவை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. அது வாப்பாவின் அருகே நின்று பார்த்துப் பழகிய பிள்ளைக்குத்தான் வரும்.

நம் ஊர்களிலும் இடியப்பம் அவித்து, அப்பம் சுட்டு, சாப்பாட்டுப் பார்சல் கட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மார் எத்தனை பேர்! நீங்கள் செய்வதும் சின்னத் தொழில் அல்ல. தேங்காய் விலை ஏறும் நாளில் பாலில் தண்ணீர் கூட்டச் சொல்லி மனம் தூண்டும். அந்த நாளில் நீங்கள் எடுக்கும் முடிவை, கதவோரம் நிற்கும் உங்கள் மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். விலையைக் கூட்ட வேண்டுமானால் சொல்லிவிட்டுக் கூட்டுங்கள். அளவைச் சொல்லாமல் குறைக்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் உம்மாவின் கையளவை இன்றே கேட்டு வையுங்கள். எத்தனை சுண்டு அரிசிக்கு எத்தனை மிளகாய், எந்த நேரத்தில் தயிர், எப்போது மூடி போடுவது என்று பக்கத்தில் நின்று படியுங்கள். பிள்ளைகளையும், ஆண் பெண் என்று பாராமல், அடுப்படிக்குக் கூப்பிடுங்கள். ஆம்பூரில் ஒரு குடும்பம் நான்கு தலைமுறையாக ஒரே அடுப்பைக் காத்தது என்றால், நம் வீட்டு அடுப்பு இரண்டாம் தலைமுறையிலேயே ஏன் மறக்கப்பட வேண்டும்?