அனுப்பிய அஞ்சல் எங்கே நின்றது?

மாணவ நண்பர்களே! வானூரில் ஒரு பள்ளி அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உதவித்தொகை பெற வேண்டிய முப்பது மாணவர்களின் பட்டியல், மாலை ஐந்து மணிக்குள் விழுப்புரத்திலுள்ள மேலலுவலகத்திற்கு மின்னஞ்சலில் போய்ச் சேர வேண்டும். எழுத்தர் ‘அனுப்பு’ பொத்தானை அழுத்துகிறார். அஞ்சல் போகவில்லை. ஏதோ ஓர் எச்சரிக்கை திரையில் தோன்றி மறைகிறது. மணி மூன்றரை. “நீங்க அறிவியல் மன்றத்துப் பிள்ளைங்கதானே? கொஞ்சம் வந்து பாருங்களேன்” என்று உங்களை அழைக்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?

கண்ட பொத்தான்களையெல்லாம் அழுத்திப் பார்ப்பது அறிவியல் முறை ஆகாது. அஞ்சல் எந்த வழியாகப் போகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். பிறகு, எந்த இடத்தில் நின்றது என்று தேட வேண்டும்.

முகவரியின் இரண்டு பாதிகள்

நம் நாட்டில் அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. திண்டிவனத்தின் எண் 604 என்றும், விழுப்புரத்தின் எண் 605 என்றும் தொடங்குகின்றன. கடிதங்களைப் பிரிக்கும் ஊழியர் இந்த எண்ணை மட்டுமே பார்ப்பார். வீட்டுக்காரரின் பெயர் அவருக்குத் தேவையில்லை. அதைப் படிக்க வேண்டியவர் அந்த ஊர்த் தபால்காரர்.

மின்னஞ்சலிலும் இதே ஏற்பாடுதான். முகவரியின் நடுவே சுழித்த ‘அ’ போல ஒரு குறி இருக்கிறதல்லவா? அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் 1971இல் அதைத் தேர்ந்தெடுத்தார். அக்குறிக்குப் பின்னால் இருப்பது நிறுவனத்தின் பெயர். முன்னால் இருப்பது ஆளின் பெயர். வழியிலுள்ள கணிப்பொறிகள் பின்பாதியை மட்டுமே பார்க்கும். முன்பாதியைப் படிப்பது கடைசிக் கணிப்பொறி மட்டுமே.

மூன்று கைகள்

எழுத்தரின் மேசையில் உள்ள அஞ்சல் நிரல், கடிதத்தை நேரே விழுப்புரத்திற்கு அனுப்புவதில்லை. அது முதலில் பள்ளியின் கணக்கு இருக்கும் ‘சர்வர்’ என்னும் பெரிய கணிப்பொறியிடம் கொடுக்கிறது. இது முதல் கை. அந்த சர்வர், முகவரியின் பின்பாதியை வைத்துக்கொண்டு, “இந்த நிறுவனத்தின் அஞ்சலை வாங்கிக்கொள்வது யார்?” என்று இணையத்தின் பெயர்ப் பதிவேட்டில் கேட்கிறது. பதிவேடு காட்டும் சர்வரிடம் கடிதத்தை ஒப்படைக்கிறது. இது இரண்டாவது கை. அங்கே காத்திருக்கும் கடிதத்தை, பெறுபவரின் அஞ்சல் நிரல் வந்து எடுத்துக் காட்டுகிறது. இது மூன்றாவது கை.

அஞ்சலைக் கொடுப்பதற்கு ஒரு விதிமுறை. எடுப்பதற்கு வேறு விதிமுறை. கொடுக்கும் விதிமுறையின் பெயர் எஸ்.எம்.டி.பி. இதை ஜான் போஸ்டல் 1982இல் வகுத்தார். எடுக்கும் விதிமுறைகள் இரண்டு: 1984இல் வந்த ‘பாப்’, 1986இல் வந்த ‘ஐமேப்’. ஒவ்வொன்றுக்கும் சர்வரில் தனித்தனி வாயில் எண் உண்டு. அனுப்புவதற்கு 587 அல்லது 465. ஐமேப் முறையில் எடுப்பதற்கு 993. பாப் முறைக்கு 995. அமைப்புப் பக்கத்தில் இந்த எண்களைத்தான் கேட்கிறார்கள். அஞ்சல் வருகிறது, ஆனால் போகவில்லை என்றால் அனுப்பும் வாயிலைச் சோதிக்க வேண்டும் என்பது இப்போது விளங்குகிறதா?

துப்பறிவோம்!

இனி எழுத்தரின் அறைக்குப் போவோம். முதல் கேள்வி: கணக்கில் கோளாறா, கணிப்பொறியில் கோளாறா? எழுத்தரே தம் கைப்பேசியில் அதே கணக்கைத் திறக்கட்டும். கடவுச்சொல்லை அவர்தான் இட வேண்டும். நீங்கள் கேட்கவும் கூடாது, பார்க்கவும் கூடாது. கைப்பேசியில் அஞ்சல் வருகிறது, போகவும் செய்கிறது. ஆகவே கணக்கு நலம், சர்வரும் நலம். கோளாறு மேசைமேல் இருக்கிறது.

இரண்டாவது கேள்வி: கணிப்பொறியில் இணையம் உண்டா? ஓர் இணையதளத்தைத் திறக்கிறீர்கள். ‘இந்தத் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது’ என்று எச்சரிக்கை வருகிறது. வேறொரு தளம், அதே எச்சரிக்கை! எல்லாத் தளங்களும் ஒரே நாளில் கெட்டுப்போகுமா?

இப்போது திரையின் மூலையைப் பாருங்கள். தேதி பத்து ஆண்டுகளுக்கு முந்தையதாக இருக்கிறது! கணிப்பொறிக்குள் ஒரு காசு அளவில் சிறிய மின்கலம் உண்டு. மின்சாரம் இல்லாத நேரத்திலும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது தீர்ந்துபோனால், மின்தடைக்குப் பின் கடிகாரம் பழைய தேதிக்கு ஓடிவிடும். சர்வர் காட்டும் சான்றிதழிலோ, எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்று குறித்திருக்கும். ‘இது இன்னும் பிறக்காத சான்றிதழ்’ என்று நினைத்து நிரல் கதவைச் சாத்திவிடுகிறது. இந்த எச்சரிக்கையைப் புறக்கணித்து ‘சம்மதம்’ என்று அழுத்துவது தவறு. உண்மையான மோசடிக்காரர் குறுக்கே நின்றாலும் இதே எச்சரிக்கைதான் வரும்.

தேதியைச் சரிசெய்தீர்கள். அஞ்சல் பறந்தது. மணி நான்கு. ஆனால் ஒரு நிமிடத்திற்குள் சர்வரிடமிருந்து ஓர் அஞ்சல் திரும்பி வருகிறது. அதில் புரியாத வரிகளின் நடுவே 550 என்ற எண்.

எண்கள் பேசும்

இந்த எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டாம். சர்வர்கள் மூன்று இலக்க எண்களால் பேசிக்கொள்கின்றன. 2 என்று தொடங்கினால் ‘சரி’. 4 என்று தொடங்கினால் ‘இப்போது முடியாது, பிறகு வா’. அனுப்பும் சர்வர் தானே மீண்டும் மீண்டும் முயலும். 5 என்று தொடங்கினால் ‘முடியவே முடியாது’. 535 என்றால் கடவுச்சொல்லோ பயனர் பெயரோ ஏற்கப்படவில்லை. 550 என்பது பெரும்பாலும் ‘இந்தப் பெயரில் இங்கே பெட்டி இல்லை’ என்பதைக் குறிக்கும்.

அப்படியானால் கடிதம் விழுப்புரம் அலுவலகத்தின் சர்வர் வரை போயிருக்கிறது! முகவரியின் பின்பாதி சரி, பிழை முன்பாதியில். பார்த்தால், ஒரு புள்ளி விடுபட்டிருக்கிறது. திருத்தி அனுப்பியதும் போய்ச் சேர்ந்தது. தொலைபேசியில் கேட்டு எழுத்தர் உறுதி செய்துகொண்டார். மணி நான்கு இருபது. முப்பது பேரின் உதவித்தொகைக்கு வந்த ஆபத்து நீங்கியது.

புறப்படும் முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: அந்த நிரல் அஞ்சலை எடுப்பது பாப் முறையிலா, ஐமேப் முறையிலா? பாப் முறையில், கடிதங்களைக் கணிப்பொறிக்கு இறக்கியதும் சர்வரிலிருந்து நீக்கிவிடும் அமைப்பு உண்டு. வட்டு பழுதானால் பல ஆண்டுக் கடிதங்களும் அதோடு போய்விடும். ஐமேப் முறையில் மூலப்படி சர்வரிலேயே இருக்கும்.

வீடு மாறியது, முகவரி மாறவில்லை

நம் நாட்டில் மின்னஞ்சலுக்கு வழி திறந்தது, 1986இல் தொடங்கிய எர்நெட் என்னும் கல்வி வலையமைப்பு. சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் ஓர் உறுப்பு. பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. 2025இல் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. மத்திய அரசு ஊழியர்களின் ஏறத்தாழ 12 லட்சம் அஞ்சல் கணக்குகள், தமிழ்நாட்டைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோகோ நிறுவனத்தின் அமைப்புக்கு மாறிவிட்டதாகச் செய்திகள் வந்தன. ஆனால் ஊழியர்களின் முகவரிகள் மாறவில்லை. இது எப்படி? முகவரியில் இருப்பது நிறுவனத்தின் பெயர்தானே தவிர, கணிப்பொறியின் பெயர் அன்று. பெயர்ப் பதிவேட்டில் ‘இனி அஞ்சலை வாங்குபவர் இவர்’ என்று குறிப்பை மாற்றினால் போதும். உலகம் முழுவதிலிருந்தும் வரும் கடிதங்கள் புதிய வீட்டைத் தேடி வந்துவிடும்.

நண்பர்களே, அடுத்த முறை அஞ்சல் போகவில்லை என்று யாராவது சொன்னால், ‘எந்தக் கையில் நிற்கிறது?’ என்று முதலில் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றும் முன் பழையதைக் குறித்து வையுங்கள். உங்கள் வீட்டுக் கைப்பேசியில் அஞ்சல் அமைப்புப் பக்கத்தைப் பெரியவர்களுடன் திறந்து, 993 அங்கே இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்!